பள்ளிச் சுவருக்கு ஆறு பூச்சிப் படங்கள்: எடுத்த விதமும் வெட்டிய விதமும்

வேலை இதுதான். மதுரையிலிருந்து அழகர்கோவில் போகும் சாலையில், அப்பன்திருப்பதிக்கு அந்தப் பக்கம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு ஆறு படங்கள் வேண்டும். 12×18 அங்குலம், ஃபிரேம் போட்டு, நான்காம் வகுப்புச் சுவரில் மாட்ட. படத்தில் இருக்கவேண்டியவை அந்த ஊர் வீட்டுத் தோட்டங்களில் இருக்கும் பூச்சிகள் மட்டும்.

கேட்டவர் அந்த வகுப்பு டீச்சர். பிள்ளைகளை அரிட்டாபட்டிக்குக் கூட்டிப் போய் வந்திருக்கிறார். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த ஊர் அது. மலையையும் குடைவரைக் கோயிலையும் ராஜாளியையும் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், "நம்ம ஊர்ல ஒண்ணுமே இல்லையே டீச்சர்" என்று குறைப்பட்டிருக்கிறார்கள். கறிவேப்பிலை மரத்தடியில் விளையாடி வளர்கிற பிள்ளைகள் அப்படிச் சொன்னது அவருக்கு மனசு ஆறவில்லை.

படம் எடுத்தவர் அதே ஊர்த் தம்பி; கல்யாண போட்டோகிராஃபர். தோட்டம் அவருடைய அப்பத்தாவுடையது. ஒரு கறிவேப்பிலை, ஒரு மாமரம், நாலு பாத்தி கத்தரியும் தக்காளியும், கிணற்றடியில் மல்லிகை, வேலியோரம் எருக்கு. நான் மதுரையில் ஆல்பம் வடிவமைத்து லேபுக்கு அனுப்பும் தொழிலில் இருப்பவன். படங்களைத் தேர்ந்து, வெட்டி, நிறம் பார்த்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது என் பங்கு. முடிந்தபோதெல்லாம் தோட்டத்திலும் கூடவே நின்றேன்.

இந்த வேலையில் எங்களுக்குள் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்றே ஒன்று: எவ்வளவு நெருங்குவது? பூச்சியின் முகத்தை மட்டும் ஃபிரேம் நிறைய வைத்தால் பார்த்தவுடன் 'ஆ' என்று வாய் பிளக்கும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளை வீட்டுக்குப் போய் எந்தச் செடியில், எந்த இலைக்கு அடியில் தேடும்? செடியை முழுக்க வெட்டி எறிந்துவிட்டால் பூச்சி எங்கிருந்தோ வந்த விசித்திர மிருகமாகிவிடுகிறது. மரியா சிபில்லா மெரியன் என்ற ஜெர்மன் ஓவியர் 1699-ல் சூரினாமுக்குக் கப்பலேறிப் போய், ஒவ்வொரு புழுவையும் அது தின்னும் செடியோடு சேர்த்துத்தான் வரைந்தார். 1705-ல் அவை அச்சில் வந்தன. முந்நூறு ஆண்டுக்கு முன்பே ஓர் அம்மாள் தெளிவாகக் கண்டுகொண்ட விஷயம் இது. குளோஸப் எடுப்பவர்கள் இன்றைக்கும் அதை மறந்துவிடுவது எனக்கு வருத்தம்தான்.

ஆடி மாசம்

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாண போட்டோகிராஃபர்களுக்கு அதுதான் ஓய்வு மாசம். தாலி, மோதிரம், மெட்டி எடுக்க வாங்கிய 100 எம்.எம். மேக்ரோ லென்ஸ், அதாவது சின்னப் பொருளை மிக நெருங்கி எடுக்கும் லென்ஸ், தம்பியிடம் இருந்தது. 24 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேம் கேமரா, ஒரு ஃபிளாஷ், அதற்கு முன்னால் மாட்ட டிரேசிங் பேப்பரும் தெர்மாகோலும் வைத்து அவரே ஒட்டிய, வெளிச்சத்தை மென்மையாக்கும் ஒரு டிஃப்யூசர். புதிதாக எதுவும் வாங்கவில்லை.

கையில் நேரம் இருக்கும் மாசத்தில்தான் காற்றும் அடிக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். கறிவேப்பிலைக் கொத்து எம்மாத்திரம்? மேக்ரோவில் இலை ஒரு மில்லிமீட்டர் ஆடினால் போதும், படம் போயிற்று. பகல் பத்து மணிக்கு மேல் கேமராவைத் தூக்குவதே வீண் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. காற்று அடங்கியிருந்தது விடியலுக்கு முன்னும், பொழுது சாய்ந்து இருட்டுக் கட்டும் நேரத்திலும்தான். விடியலில் பூச்சிகளும் சூடேறாமல் அசையாதிருக்கும். அப்பத்தாவே முதல் நாள் சொன்னார்: "வெயிலேறுனா எதுவும் ஒரு இடத்துல நிக்காதுய்யா. கோழி கூப்பிடுறப்ப வாங்க."

அப்போதும் ஆடிய காம்புகளுக்கு ஒரு மூங்கில் குச்சியைப் பக்கத்தில் ஊன்றி, துணி உலர்த்தும் கிளிப்பால் காம்பைச் சேர்த்துப் பிடித்தோம். காற்று வரும் பக்கம் நான் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவ்வளவுதான் உபாயம். பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போக வைப்பது, பசை வைத்து ஒட்டுவது, கிளையை ஒடித்து வீட்டுக்குள் கொண்டுவந்து எடுப்பது, இவையெல்லாம் நடக்கும் உலகம்தான் இது. ஒன்றையும் செய்வதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடித்துப் 'பனித்துளி' உண்டாக்குவதையும் வேண்டாமென்றேன். ஆடி மாசத்தில் அழகர் மலை அடிவாரத்தில் பனி ஏது? அந்தத் துளியைப் பார்க்கிற பிள்ளை இதை மார்கழிப் படம் என்று நம்பும். அழகுக்காகப் பருவத்தையே மாற்றிச் சொல்வது பள்ளிச் சுவருக்கு ஆகாது.

ஒட்டி நிற்பதா, தள்ளி நின்று வெட்டுவதா

தம்பியின் முதல் தொகுதிப் படங்கள் எல்லாம் லென்ஸ் எவ்வளவு நெருங்குமோ அவ்வளவு நெருங்கி எடுத்தவை. அதாவது 1:1. கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் பூச்சியின் நிஜ அளவே விழும். 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரத்துக்குள் என்ன அடங்குகிறதோ அதுதான் படம். "வெட்டாம எடுக்கணும்ணே, அதுதான் நல்ல போட்டோகிராஃபருக்கு அடையாளம்" என்று சீனியர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர் அவர்.

அந்தப் பேச்சில் ஒரு நியாயம் உண்டு. எடுக்கும்போதே யோசிக்க வைக்கும். ஆனால் அதை வேதமாக்க வேண்டியதில்லை. வெட்டுவதை அடியோடு வெறுத்த பிரெஞ்சு போட்டோகிராஃபர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் கூட, 1932-ல் பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை எடுத்த படத்தை வெட்டித்தான் வெளியிட்டார். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தில் பலகை விழுந்துவிட்டது.

எங்கள் வேலையில் தள்ளி நிற்பதற்குக் கணக்கே காரணம் சொன்னது. லென்ஸின் துளையளவைச் சொல்வது f எண்; எண் கூடினால் துளை சிறுக்கும். 1:1-ல், f/11 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர். ஒரு தேனீயின் கண் கூர்மையாக இருந்தால் இறக்கை மங்கிவிடும். f/16-க்குப் போனால் ஆழம் கொஞ்சம் கூடும். ஆனால் 1:1-ல் அது நடைமுறையில் f/32 போல வேலை செய்யும், சிறுத்த துளையில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மெழுகு பூசினாற்போல ஆகிவிடும். பாதி அளவுக்கு, அதாவது 1:2-க்குத் தள்ளி நின்றால் 72×48 மில்லிமீட்டர் இடம் ஃபிரேமுக்குள் வருகிறது. F/11-லேயே கூர்மை ஆழம் நாலு மில்லிமீட்டர் வரை கிடைக்கிறது. பிறகு வெட்டும்போது அந்த ஆழமும் குறையும், இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பெரிதாக்கினால் மங்கலும் சேர்ந்துதானே பெரிதாகும். ஃபிரேமின் மூன்றில் இரண்டு பங்கு அகலத்துக்கு வெட்டினால் மிஞ்சுவது சுமார் 2.6 மில்லிமீட்டர். ஒட்டி நின்று வெட்டாமல் எடுத்ததைப் போல இரண்டு மடங்கு!

பிக்சல் போதுமா என்றால், போதும். 6000×4000-ல் மூன்றில் இரண்டு பங்கு 4000×2667. 12×18 பிரிண்ட்டில் அது அங்குலத்துக்கு 222 புள்ளி. நாலடி தள்ளி நின்று பார்க்க அங்குலத்துக்கு எழுபது சொச்சம் புள்ளி இருந்தாலே கண்ணுக்குக் குறை தெரியாது. ஆனால் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நாலடி தள்ளி நிற்கமாட்டார்கள். படத்தில் மூக்கு ஒட்டும்படி நின்று பார்ப்பார்கள். அதனால் இருநூறுக்குக் கீழே இறங்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஒரு படத்துக்கு மட்டும் அதை மீறினோம்; அது பின்னால் வருகிறது.

தள்ளி நிற்பதில் இன்னொரு நன்மை, பூச்சி மிரளாது. உணர்கொம்பின் நுனியும் ஃபிரேமுக்கு வெளியே போகாது. பூச்சிப் படத்தில் என் கண்ணை உறுத்துவது அதுதான்: நீளமான கொம்பு ஓரத்தை எட்டும்போது நுனி மட்டும் நறுக்கென்று போயிருக்கும். வெட்டுவதென்றால் பாதியில் துணிந்து வெட்ட வேண்டும், இல்லையென்றால் நுனிக்கு மேலே மூச்சு விட இடம் வைக்க வேண்டும். கால் மூட்டிலும் அப்படியே. மணப்பெண்ணின் கையை மணிக்கட்டில் வெட்டி ஆல்பத்தில் வைத்தால் வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்பது தம்பிக்குத் தெரியும். அதே கண்ணைக் கும்பிடுபூச்சியிடமும் காட்டச் சொன்னேன்.

எச்சமும் புழுவும்

கறிவேப்பிலை மரத்தில் முட்டை பொரித்து வரும் வண்ணத்துப்பூச்சிப் புழு ஆரம்பத்தில் பறவை எச்சம் போலவே இருக்கும். கருப்பழுப்பு உடம்பு, நடுவில் வெள்ளைத் திட்டு, மேலே ஈரம் பட்ட மாதிரி ஒரு பளபளப்பு. குருவி அதைத் தின்ன நினைக்காது. ஒரு சென்டிமீட்டர் புழு.

இதை நெருங்கி எடுத்த படங்கள் அத்தனையும் தோற்றன. கூர்மை இருந்தது, வெளிச்சம் இருந்தது. ஆனால் ஃபிரேம் நிறைய புழு இருந்தால் அதன் வேஷம் கலைந்துவிடுகிறது. எச்சமாகத் தெரிய வேண்டுமென்றால் எச்சம் கிடக்கும் அளவில், எச்சம் கிடக்கும் இடத்தில் அது இருக்க வேண்டும்.

விடை மரத்திலேயே இருந்தது. புழு இருந்த இலைக்கு இரண்டு இலை தள்ளி ஒரு மைனாவின் நிஜ எச்சம் காய்ந்து கிடந்தது. தம்பி கேமராவை அந்த இலைக்கொத்தின் மட்டத்துக்குச் சரியாக இணையாகத் தூக்கிப் பிடித்தார். சென்சாரும் இலைத்தளமும் இணையாக இருந்தால் ஒரே ஆழத்தில் இரண்டும் கூர்மையாக விழும். படத்தில் இடது மேல் மூலையருகே புழு, வலது கீழ்ப் பகுதியில் எச்சம், நடுவே கறிவேப்பிலையின் நடுக்காம்பு குறுக்காக ஓடுகிறது. நான் வெட்டியது மேலேயும் இடதுபுறமும் கொஞ்சம்தான். ஓரத்தில் வெளுத்த ஓர் இலை கண்ணை இழுத்தது, அதற்காக. புழுவை மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைப்பது, எச்சத்தை எதிர்ப்பக்கம் வைப்பது என்ற கட்டம் எல்லாம் தானாக அமைந்தது என்று சொல்லமாட்டேன். இரண்டையும் ஒரே எடையில் வைத்தால் பார்வை நடுவில் தத்தளித்தது. புழுவை ஓரத்துக்கு இன்னும் கொஞ்சம் தள்ளியதும்தான் கண் முதலில் எச்சத்துக்குப் போய், 'ஓ, எச்சம்' என்று முடிவு கட்டி, பிறகு காம்பு வழியாக மேலே ஏறி இன்னொன்றைக் கண்டுபிடித்தது. அந்த ஒரு நொடித் தாமதம் வேண்டும் என்பதற்காகவே அந்த வெட்டு.

டீச்சர் ஃபைலைப் பார்த்துவிட்டு, "இதுல புழு எதுங்க தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்ததும் படம் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டோம்.

பொய்க் கண்

அதே புழு வளர்ந்து பச்சையானபின் எடுத்தது இரண்டாவது படம். இதில் நாங்கள் நிறைய நேரம் வாதாடினோம். கல்யாணப் படத்தில் முதல் பாடம், கண்ணில் ஃபோகஸ். பூச்சிப் படத்திலும் அதையே சொல்கிறார்கள். பச்சைப் புழுவிடம் அந்த விதி தடுமாறுகிறது. அதன் முதுகின் முன்பகுதியில் பெரிய கண் போல இரண்டு திட்டுகள் இருக்கும். பாம்பு என்று பறவை பயப்பட. நிஜத் தலை அதற்குக் கீழே குனிந்து ஒடுங்கியிருக்கும். இருபுறமும் ஆறாறு சின்னஞ்சிறு கண்புள்ளிகள். எந்தக் கண்ணில் ஃபோகஸ் வைப்பது?

முன்னால் இருந்து எடுத்தால் இரண்டும் ஒரே ஆழத்தில் இல்லை. பொய்க் கண்ணில் வைத்தால் தலை மங்கலாகி, படம் பறவையிடம் சொன்ன பொய்யையே பிள்ளைகளிடமும் சொல்லும். தலையில் வைத்தால் எல்லாரும் பார்க்கும் பெரிய கண் மங்கிப்போய், எடுத்தவர் ஃபோகஸைத் தவறவிட்டார் என்று தோன்றும். தம்பி பக்கவாட்டுக்கு நகர்ந்தார். பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒரு பொய்க் கண்ணும் நிஜத் தலையும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் வந்துவிட்டன. அங்கே அந்த 2.6 மில்லிமீட்டர் கூர்மை ஆழம் உயிர் காத்தது.

வெட்டும்போது புழுவின் வால்பக்கத்தைத் துணிந்து பாதியில் எடுத்துவிட்டேன். முழு உடம்பையும் வைத்தால் பச்சை உருளை ஃபிரேமைக் குறுக்கே அடைத்துக்கொண்டு, தலை சிறுத்துப்போனது. பதிலுக்கு, அது கடித்துக்கொண்டிருந்த இலையின் விளிம்பை முழுசாக விட்டேன். அரைவட்டமாகக் கடிபட்ட அந்த விளிம்பு, நீட்டிக்கொண்டிருந்த ஒரு நரம்பு, புதிதாகக் கடித்த இடத்தில் மட்டும் ஈரம். கறிவேப்பிலையில் அப்படிக் கடி இருந்தால் புழு பக்கத்தில்தான் இருக்கும் என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட அந்த விளிம்பைவிட நல்ல அடையாளம் வேறில்லை. தொட்டால் தலைக்குப் பின்னிருந்து செம்மஞ்சள் கவை ஒன்றை நீட்டி வாடை விடும். அதைப் படமெடுக்கத் தம்பிக்கு ஆசை. அதற்காகப் புழுவைக் குத்தித் தொல்லை கொடுக்க வேண்டாமென்று விட்டுவிட்டோம்.

முசுறு, பொறிவண்டு

மாமரத்தில் செவ்வெறும்புகள், எங்கள் பக்கம் முசுறு என்பது, கூடு கட்டிக்கொண்டிருந்தன. இரண்டு இலைகளின் விளிம்பை வரிசையாக நின்று தாடையால் இழுத்துப் பிடிக்கும். எட்டாத இடத்தில் ஒன்றின் இடுப்பை மற்றொன்று கவ்விச் சங்கிலியாகும். இன்னும் சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் தூக்கி வந்து, அந்தப் புழு விடும் பட்டுநூலால் விளிம்புகளைத் தைக்கும். எந்த எறும்பையும் தனியாகப் பெரிதாக்கினால் கதை போய்விடும். இதற்கு 12×18 சரிப்படவில்லை. ஆல்பத்தில் இரு பக்கமும் விரியும் 12×36 தாள் நினைவுக்கு வந்தது. மேலும் கீழும் பாதிப் பிக்சலை எறிந்து, 6000×2000-ல் நீளப் பட்டையாக வெட்டினேன். இழுத்துப் பிடித்த எறும்பு வரிசை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடுகிறது. அங்குலத்துக்கு 167 புள்ளிதான் வந்தது. விதியை மீறிய படம் இதுதான். டீச்சர் சுவரில் இடம் அளந்து பார்த்துவிட்டுச் சரி என்றார்.

எருக்கில் மஞ்சள் அசுவினியைத் தின்னும் பொறிவண்டு எளிதாகவே கிடைத்தது. சிக்கல் ஃபிளாஷில் மட்டும். வண்டின் முதுகு வழுவழுப்பு. டிஃப்யூசரின் சதுரம் அப்படியே வெள்ளைத் தழும்பாக விழுந்தது. டிரேசிங் பேப்பரை இன்னொரு மடிப்பு போட்டு, வளைத்துக் கட்டியதும் தணிந்தது. வெட்டில் சொல்ல எதுவுமில்லை.

தூங்கும் தேனீ

நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள் மாலையில் காய்ந்த காம்பு ஒன்றைத் தாடையால் கவ்விக்கொண்டு, அப்படியே தொங்கியபடி தூங்கும். கூட்டுக்குப் போவதில்லை. தக்காளிப் பூவையும் கத்தரிப் பூவையும் உடம்பை அதிரவைத்து மகரந்தம் உதிரச் செய்யும் தேனீ இனம் இது. அப்பத்தாவின் காய்கறிப் பாத்தியில் காய் பிடிப்பதில் அதற்குப் பங்கு உண்டு. கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த துளசிக் காம்பில் அவை இருந்தன.

இருட்டிய பின் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் பின்னணி கரிக்கறுப்பாகிவிடும். ஃபிளாஷ் வெளிச்சம் தூரத்துக்குத் தூரம் அவ்வளவு வேகமாகத் தேய்வதால் பின்னாலிருக்கும் எதற்கும் அது எட்டாது. கறுப்புப் பின்னணியில் நீலப் பட்டைகள் நகைக்கடை விளம்பரம் போல மின்னின. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ஒப்பவில்லை. தோட்டம் எங்கே போனது? வெளிச்சத்தை உணரும் திறனான ஐ.எஸ்.ஓ.-வை 1600-க்கு ஏற்றி, ஷட்டர் வேகத்தை 1/60 நொடிக்கு இறக்கி, அந்திவெளிச்சம் கொஞ்சம் உள்ளே வரும்படி திரும்ப எடுக்கச் சொன்னேன். காற்று முழுசாக அடங்கிய ஒரு மாலைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் ஃபிளாஷ் உறைய வைத்த தேனீயைச் சுற்றி ஒரு நிழல் பிம்பம் இழுபட்டு விழும். கிடைத்த படத்தில் பின்னணி கரும்பச்சையிலிருந்து மேலே மங்கிய ஊதா வரை போகிறது. பக்கத்து நிலத்து மல்லிகைச் செடிகளும் வானமும்தான் அது, உருவம் தெரியாமல் நிறமாக மட்டும்.

இந்தப் படத்தில் தேனீ சின்னதாக இருக்கிறது. ஃபிரேமின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி வெறும் இடம். தம்பிக்கு அது பொறுக்கவில்லை. "இவ்வளவு இடம் சும்மா கெடக்குதேண்ணே, டைட்டா வெட்டிருவோம்" என்றார். வெட்டியும் காட்டினேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நெருக்கி வெட்டியதில் தேனீ எதையோ கடித்துக்கொண்டிருக்கும் பூச்சியாகத் தெரிந்தது. இடம் விட்டதில்தான் ஒற்றைக் காம்பில் தொங்கித் தூங்குகிறது என்பது தெரிந்தது. அவரே கடைசியில் இடம் விட்டதைத் தேர்ந்தார்.

இன்னொன்றும் கேட்டார். காம்பு சாய்ந்திருக்கிறதே, சுழற்றி நேராக்கலாமா? ஓரிரண்டு பாகை என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. இது முப்பது பாகைக்கு மேல். சுழற்றினால் தேனீயின் வயிறு கீழ்நோக்கித் தொங்காமல் பக்கவாட்டில் மிதக்கும். எடை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைக் கண் உடனே உணர்ந்துகொள்ளும். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பிசகு என்று தோன்றும். சாய்ந்த காம்பு சாய்ந்தபடியே இருக்கிறது.

கும்பிடுபூச்சி: தீராத வழக்கு

ஆறாவது படத்தில் மட்டும் நாங்கள் ஒத்துப்போகவில்லை. மல்லிகைச் செடியில் ஒரு பச்சைக் கும்பிடுபூச்சி. விடியலுக்கு முன் எடுத்தவற்றில் அதன் கண்கள் கறுத்துக் கிடந்தன. இரவில் அப்படித்தான் ஆகும், வெளிச்சம் வந்தபின் மெல்லப் பச்சைக்குத் திரும்பும். திரும்பியபின் கண்ணில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி தெரியும். அது நிஜக் கண்மணி இல்லை. நம்மை நேராக நோக்கும் கண்ணறைகள் ஒளியைத் திருப்பாமல் விழுங்கிக்கொள்வதால் அங்கே கறுப்பாகத் தெரிகிறது. நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் புள்ளியும் கூடவே நகரும். அதனால்தான் கும்பிடுபூச்சி எப்போதும் நம்மையே பார்ப்பதாகப் படுகிறது.

தம்பியின் வெட்டு: சதுரம், முக்கோண முகம், இரண்டு புள்ளிகள், மடித்த முன்கால்களின் முள் வரிசை. பார்த்தவர் யாரும் நகரமுடியாது. என் வெட்டு: செங்குத்து, பூச்சி மேல் பாதியில், கீழே அது பற்றியிருந்த காம்பும் மொக்கும். அந்த மொக்குதான் எனக்கு முக்கியம். காலையில் பறித்த மல்லிகை மொக்கைப் பார்க்காத பிள்ளை அந்த வகுப்பில் ஒன்றுகூட இருக்காது. மொக்கின் நீளம் அவர்கள் விரலுக்குப் பழக்கம். அதன் பக்கத்தில் வைத்தால் பூச்சியின் அளவு சொல்லாமலே விளங்கும். சதுரத்தில் அது எவ்வளவு பெரியது என்பதற்கு எந்தத் துப்பும் இல்லை; சுவரில் முழம் அகலத்துக்கு ஒரு முகம். சின்னப் பிள்ளைகள் பயப்படவும் கூடும். பயந்தால் அடுத்த தடவை செடியில் கண்டதும் செருப்பைக் கழற்றுவார்கள்.

தம்பியின் எதிர்வாதமும் லேசானதில்லை. "அந்தப் பார்வைய பாத்தாத்தான்ணே அதுக்கும் உசுரு இருக்குன்னு தோணும்" என்றார். இதற்கு நான் முழுப் பதில் வைத்திருக்கவில்லை. டீச்சர் இரண்டையும் கேட்டுவிட்டு செங்குத்தைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். சதுரம் தம்பியின் ஸ்டுடியோவில், மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் சோபாவுக்கு மேலே இருக்கிறது.

மாட்டிய பிறகு

தாள் மேட் ஃபினிஷ். வகுப்பறைக்கு எதிரே ஜன்னல். பளபளப்புத் தாளில் ஜன்னல்தான் தெரியும். ஃபிரேமின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடி. பெரியவர்கள் கொஞ்சம் குனிய வேண்டும், பிள்ளைகளுக்குக் கண்மட்டம். கீழே வெள்ளை ஓரம் ஒன்றரை அங்குலம் விட்டுக் கொடுக்கச் சொன்னார் டீச்சர். பூச்சியின் பெயரையும் செடியின் பெயரையும் பிள்ளைகளே எழுதியிருக்கிறார்கள்.

எச்சப் புழுவுக்குத்தான் கூட்டம். சில நாளிலேயே பிள்ளைகள் கறிவேப்பிலைக் கொத்தை ஒடித்துக்கொண்டு பள்ளிக்கு வர ஆரம்பித்து, "ஒடிக்காம வந்து கூப்பிடுங்க, நான் வர்றேன்" என்று டீச்சர் சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது ஒரு பெண்பிள்ளை புழுவுக்கு முந்தின கட்டத்தைக் கேட்டிருக்கிறாள்: இலையில் ஒட்டியிருக்கும் வெளிர்மஞ்சள் முட்டை.

முட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். 1:1-ல் அது 167 பிக்சல். வெட்ட அதில் ஒன்றுமே இல்லை. தம்பியின் 50 எம்.எம். லென்ஸைத் திருப்பிப் போட்டு 100-க்கு முன்னால் வளையம் வைத்து மாட்டினால் 2:1, அதாவது நிஜ அளவைப் போல இரண்டு மடங்கு, கிடைக்கும். 18×12 மில்லிமீட்டர் இடம், 12×18 தாளில் முட்டை இரண்டரை சென்டிமீட்டராகத் தெரியும், சுற்றிலும் இலையின் நரம்புகளோடு. கூர்மை ஆழம் f/11-ல் அரை மில்லிமீட்டர்தான். முட்டையின் பாதி கூர்மையாக விழும். மீதிப் பாதிக்கு ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுத்து ஒரே படமாக அடுக்க வேண்டும், அதற்கு இலை துளிகூட ஆடக் கூடாது. ஆவணி பிறந்துவிட்டது, தம்பிக்கு முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கின்றன. மார்கழியில் கல்யாணமும் இல்லை, இந்தக் காற்றும் இருக்காது. அப்போது எடுப்பதாகப் பேச்சு.